இருபத்தேழாம் பெட்டி

களக்காட்டுக்குத் தெற்கே, கால்வாய்ப் பாலம் தாண்டி,
பழைய ரேசன் கடைக் கட்டடத்தில்
நாற்பது இரும்புப் பெட்டி.
வாழைக்கு அடிக்கிற மருந்து
இனி எந்த வீட்டிலும் இருக்கக்கூடாது என்று
ஊர்க்கூட்டத்தில் முடிவானது.
பெட்டிச் சாவி அவரவரிடம்,
அறைச் சாவி என்னிடம்.
குழுவில் எனக்குத்தான் கையெழுத்து நன்றாக வரும் என்றார்கள்.
உண்மையில் மற்றவர்கள் பயந்தார்கள்.

நோட்டில் கடைசிக் கட்டம்: எதற்கு.
கூன்வண்டு, இலைப்புள்ளி, கூன்வண்டு, கூன்வண்டு.

வைகாசியில் ஒரு மத்தியானம்
மூக்காண்டி அண்ணாச்சி வந்தார்.
எழுபத்து நாலு வயது.
சட்டை இஸ்திரி போட்டிருந்தது.
அதுதான் முதலில் உறுத்தியது.
"சாவிய எடு பிள்ள. இருபத்தேழு."
"எதுக்கு அண்ணாச்சி?"
"வாழைக்குத்தான்."

வாழை கிடையாது.
சித்திரைக் காற்றில் ஐந்நூறு ஏத்தனும்
ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்ததை
ஊரே போய்ப் பார்த்து வந்திருந்தோம்.

பாளையங்கோட்டையில் எங்களுக்கு இரண்டு நாள் வகுப்பு நடந்தது.
சுற்றி வளைக்காதீர்கள் என்றாள் டாக்டரம்மா.
நேராகக் கேளுங்கள்,
கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் வந்துவிடாது.
ஜோடி ஜோடியாக உட்கார்ந்து கேட்டுப் பழகினோம்.
பத்தைக்காரி செவ்வந்தி என்னைக் கேட்டாள்,
நான் சிரித்துவிட்டேன்.
மதியம் உளுந்தஞ்சோறு போட்டார்கள்.

இங்கே சிரிப்பு வரவில்லை.
காலமானார், போய்ச் சேர்ந்தார், கண்ணை மூடினார்:
எங்கள் ஊரில் எத்தனை சொல் இருக்கிறது,
ஒன்றுகூடக் கேள்வியாக மாறவில்லை.

இந்த அறை வருவதற்கு முந்தின வருடம்
கோமதிநாயகம் சித்தப்பா என் வாசலில்
தண்ணீர் வாங்கிக் குடித்தார்,
சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.
"என்னா வெயிலு சித்தப்பா" என்றேன் நான்.
வெயிலைப் பற்றி.

"அண்ணாச்சி, சாகணும்னு தோணுதா?"

"ஏ பிள்ள, யாரப் பாத்து என்ன கேக்க?"
கம்பால் தரையைத் தட்டினார்.
இதற்கடுத்து என்ன செய்யச் சொன்னார்கள் என்பது
எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.
சாவியை முந்தானையில் முடிந்தபடி நின்றேன்.

அவர் உட்கார இடம் தேடினார்.
ரேசன் கடைக்காரன் விட்டுப்போன எடைமேடை.
உட்கார்ந்தார்.
முள் நடுங்கி, ஐம்பத்தொன்பதில் நின்றது.
இருவரும் அதையே பார்த்தோம்.
"ஐப்பசியில அறுவத்தெட்டு இருந்தேன்" என்றார்.

பிறகு பேசினார்.
கடனைப் பற்றி என்று நினைத்திருந்தேன்,
கடன் கடைசியில்தான் வந்தது, அதுவும் ஒரு வரி.
ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வருது,
அங்கன இருந்து விடியதுக்கு ரொம்பத் தூரம் கெடக்கு.
திருப்பூரிலிருந்து மகன் ஞாயித்துக்கிழமை கூப்பிடுதான்,
சாப்ட்டியளாங்கான், சாப்ட்டேங்கேன்,
அவ்வளவுதாம்.
கண்ணில் புரை. காலில் நீர்.
எது காரணம் என்று அவருக்கும் தெரியவில்லை.

நர்ஸ் ஜெபக்கனி ஸ்கூட்டியில் வரும்வரை
நான் மேடைக்குப் பக்கத்திலேயே தரையில் இருந்தேன்.
அவர் ஏறும்போது கேட்டார்,
"நோட்டுல எம்பேர எழுதிட்டியோ?"
எழுதியிருந்தேன். இருபத்தேழு, இரண்டே கால்.
எதற்கு என்ற கட்டத்தில்: பேச.

இப்போது மாத்திரை போடுகிறார்.
தூக்கத்துக்கு என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார், இருக்கட்டும்.
மருந்துக்குப்பியைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தாயிற்று.
இருபத்தேழில் இப்போது என் குடை இருக்கிறது.

காலை ஏழு மணிக்குத்
தனியாக இருக்கிற பெரியவர்கள் பதினேழு பேர்
எனக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும்.
வராவிட்டால் நடந்துபோய்ப் பார்ப்போம்.
இவர் போனைத் தொடுவதில்லை.
நேரில் வந்து கம்பிக் கதவை ரெண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்.

இன்றைக்கு ஏழே கால்.
ஏழரை.
செருப்பு மாட்டாமல் ஓடினேன்.

பாலத்துக்குப் பக்கத்தில்
பால்காரரிடம் அளவு குறைகிறது என்று சண்டை.
"என்னளா, ஓடியாற?"
"சும்மா."
கம்பை ஊன்றி என்னைப் பார்த்தார்.
"சும்மா என்ன சும்மா. கேக்கதுன்னா கேளு."

பால்காரர் முன்னாலேயே கேட்டேன்.

"இன்னிக்கு இல்ல" என்றார்,
தூக்குவாளியை நீட்டிக்கொண்டே.